2,350 ரூபாய் வீல் பேலன்சிங் ஸ்டாண்டு: ஆறு மாதம் கழித்து

பைக் வீலில் எந்தப் பக்கம் கனம் கூடுதல் என்று காட்டுகிற ஸ்டாண்டு இது, எதிர்ப்பக்கம் ஈயம் ஒட்டிச் சமன் செய்துகொள்ளலாம். பெட்டியைப் பிரித்த அன்றைக்கு என்னிடம் கேட்டிருந்தால் ஐந்துக்கு ஒன்றரை நட்சத்திரம் கொடுத்திருப்பேன். இப்போது ஆறு மாதமும் கிட்டத்தட்ட ஏழாயிரம் கிலோமீட்டரும் போன பிறகு மூன்றரை கொடுக்கிறேன். ஆனால் அந்த இரண்டு நட்சத்திரம் ஸ்டாண்டைச் செய்தவனுக்குப் போகக்கூடாது, ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து அதை ரிப்பேர் பண்ணிய எனக்குத்தான் வரவேண்டும். புதுசாக வாங்கிய பொருளை ரிப்பேர் பண்ணித்தான் பயன்படுத்த வேண்டும் என்றால் எதற்கு வாங்க வேண்டும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வண்டி 2014 ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், இரண்டும் போக்ஸ் வீல் (சைக்கிள் மாதிரி கம்பி வைத்தது), டியூப் டயர். முன் டயர் தேய்ந்துபோய் புதுசு போட்டதிலிருந்து தலைவலி ஆரம்பித்தது. ஊருக்குள் ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. திருமங்கலம் தாண்டி நாலுவழிச் சாலையில் ஏறி எழுபத்தைந்தைத் தொட்டால் ஹேண்டில்பார் மெல்ல நடுங்கும், எண்பதில் கண்ணாடியில் பின்னால் வருகிற லாரி இரண்டு லாரியாகத் தெரியும், எண்பத்தைந்தில் உள்ளங்கை மரத்துப்போகும். கோவில்பட்டி போய் இறங்கினால் கடலைமிட்டாய் பொட்டலத்தைப் பிரிக்கக்கூட விரல் ஒத்துழைக்காது.

புல்லட் என்றாலே ஆடும், ஒற்றை சிலிண்டர் வண்டி, அதை ரசிக்கத் தெரியணும் என்று நிறைய பேர் ஞானம் சொன்னார்கள். நானும் கொஞ்ச நாள் நம்பினேன். நம்பியதால் செலவும் ஆனது. ஹேண்டில்பார் முனையில் மாட்டுகிற கனமான வெயிட்டு ஒரு ஜோடி 900 ரூபாய், பஞ்சு போன்ற கிரிப்பு 350 ரூபாய், இரண்டையும் வீட்டிலேயே மாட்டினேன். மாட்டுவது சுலபம்தான், ஆனால் நோய் ஒரு இடத்தில் இருக்க மருந்தை வேறு இடத்தில் தடவிய கதை. கைக்கு வருகிற நடுக்கம் கொஞ்சம் மழுங்கியது, அவ்வளவுதான், வீல் தன் பாட்டுக்குக் குதித்துக்கொண்டேதான் இருந்தது.

நடுக்கம் இன்ஜினிலிருந்து வருகிறதா வீலிலிருந்து வருகிறதா என்று பார்க்க ஒரு பைசா செலவில்லாத வழி இருக்கிறது. முன்னாலும் பின்னாலும் வண்டி இல்லாத நேரான சாலையில் எண்பதில் போகும்போது கிளட்சை முழுக்கப் பிடித்து ஆக்சிலேட்டரை விட்டுவிடுங்கள். இன்ஜின் ஐடிலுக்கு வந்துவிடும், வண்டி மட்டும் அதே வேகத்தில் உருளும். அப்போது நடுக்கம் நின்றால் இன்ஜின் பக்கம் பார்க்கணும். நிற்காமல் வேகம் குறையக் குறைய அதுவும் குறைந்தால் வீல், டயர், பேரிங் இவற்றில் ஒன்று. எனக்கு அறுபத்தைந்து வரைக்கும் நிற்கவே இல்லை. இதை டயர் மாற்றிய மறுநாளே செய்திருந்தால் 1,250 ரூபாய் மிச்சம்.

சரி, வீல் பேலன்ஸ் பண்ணிவிடலாம் என்று கிளம்பினால் மதுரையில் நான் போன கடைகளில் ஆளில்லை. மேலூர் ரோட்டில் வெள்ளரிப்பட்டியில் டிவிஎஸ் ஸ்ரீசக்ராவின் டயர் ஆலையே இருக்கிற ஊர் இது. ஆனால் பைக் வீலைக் கழற்றி எடுத்துக்கொண்டு கார் டயர் கடை ஒவ்வொன்றாக ஏறி இறங்கினால், "இது நம்ம மெஷின்ல உட்காராது தம்பி, கார் ஓட்டை பெருசு, இதுக்குத் தனி அடாப்டர் வேணும்" என்று அனுப்பிவிடுகிறார்கள். நாலாவது கடையில் வீலை இறக்கி வைக்கக்கூட விடவில்லை. எங்கள் தெரு முனையில் பஞ்சர் கடை வைத்திருக்கும் பாயிடம் சொன்னேன், அவர் சிரித்துவிட்டு, "நாப்பது வருசமா டயர் மாட்டுறேன் தம்பி, பேலன்ஸு கேட்டு வந்த மொத ஆளு நீங்கதான்" என்றார். அன்று இரவுதான் ஆன்லைனில் இந்த ஸ்டாண்டை ஆர்டர் போட்டேன்.

என்ன வரும் என்றால், இரும்புத் தகட்டில் செய்த இரண்டு தூண், அவற்றுக்குக் கால், 12 மி.மீ. தடிமனில் ஒரு இரும்பு அச்சு, அந்த அச்சில் கோத்து வீலின் நடு ஓட்டையில் இரண்டு பக்கமும் அழுத்தி நிறுத்த இரண்டு அலுமினியக் கூம்பு, அச்சு உட்கார ஒவ்வொரு தூணின் தலையிலும் இரண்டிரண்டு சின்ன பேரிங், ஒரு ஆலன் கீ, பின்பக்கம் பசை ஒட்டிய ஈயத்துண்டுப் பட்டை ஒன்று. இதில் வீலின் சொந்த பேரிங் சுற்றுவதே இல்லை. கூம்பு வீலை அச்சோடு இறுக்கிவிடுவதால் அச்சும் வீலும் ஒன்றாகச் சேர்ந்து அந்த நாலு சின்ன பேரிங் மேல் உருளும். ஆகவே இந்தக் கருவியின் உயிர் முழுக்க அந்த நாலு பேரிங்கில்தான் இருக்கிறது, செய்தவர்கள் கஞ்சத்தனம் பண்ணியிருப்பதும் அங்கேதான்.

வீலை ஏற்றி விட்டேன். நின்றது. கால் சுற்று தள்ளி விட்டேன், அங்கேயும் நின்றது. எங்கே விட்டாலும் அங்கேயே நின்றது. ஆகா, நம் வீல் தங்கமான வீல், ஏற்கெனவே சமமாக இருக்கிறது என்று ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன் என்பதை வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன். அப்புறம் சந்தேகம் வந்து பத்து கிராம் ஈயத்துண்டை ரிம்மில் டேப் போட்டு ஒட்டி, அது பக்கவாட்டில் மூன்று மணி நிலையில் வருமாறு வைத்து விட்டேன். வீல் அசையவில்லை. பத்து கிராமைக் காட்டத் தெரியாத ஸ்டாண்டு எதற்கு? பழைய சாமான் காரனுக்குப் போடலாம்.

பேரிங்கை விரலில் வைத்துச் சுற்றினால் காரணம் புரிந்துவிடும். 608 என்று எண் போட்ட பேரிங், ஸ்கேட்டிங் சக்கரத்தில் வருமே, அதேதான், உள்விட்டம் 8 மி.மீ., வெளிவிட்டம் 22. இரண்டு பக்கமும் ரப்பர் மூடி, உள்ளே கெட்டியான கிரீஸ். மோட்டாரில் நிமிடத்துக்கு ஆயிரம் சுற்று சுற்றுகிற பேரிங்குக்கு கிரீஸ் வேண்டும். நம் வேலைக்கு அது எமன். இங்கே வீல் ஐந்து கிராம் வித்தியாசத்துக்கு நகர வேண்டும், அந்த நகர்வைக் கிரீஸ் பிடித்து நிறுத்திவிடுகிறது. தையல் ஊசியால் ரப்பர் மூடியின் உள்விளிம்பைக் கிளப்பினால் கழன்று வந்துவிடும். நாலையும் ஒரு கண்ணாடி பாட்டிலில் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றிக் குலுக்கி, இரண்டு தடவை மாற்றிக் கழுவி, துணியில் உலர்த்தி, தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விட்டேன். மூடியைத் திரும்பப் போடவில்லை. நாலில் ஒன்று கழுவின பிறகும் மணல் அரைக்கிற மாதிரி கரகரத்தது, அதைத் தூக்கிப் போட்டுவிட்டு டவுனில் பேரிங் கடையில் புதுசு வாங்கிக்கொண்டேன், நாற்பது ரூபாய். (அம்மாவின் தையல் மெஷின் எண்ணெய் டப்பாவை எடுத்தது யார் என்ற விசாரணை இன்னும் முடியவில்லை.)

மறுபடி வீலை ஏற்றினேன். இப்போது கதையே வேறு. கையை எடுத்ததும் வீல் தானாக, அவசரமே இல்லாமல், கோயில் யானை திரும்புகிற மாதிரி திரும்பி, தாண்டிப் போய், பின்வாங்கி, மறுபடி கொஞ்சம் முன்னால் வந்து ஒரு இடத்தில் நின்றது. கீழே வந்த இடம்தான் கனமான பக்கம், அங்கே சாக்பீஸால் கோடு போட்டேன். எங்கே திருப்பி விட்டாலும் அதே கோடு கீழே வந்து நின்றது. ஐந்து கிராம் ஒட்டினால் அந்த வித்தியாசமும் தெரிந்தது. ஒன்றரை நட்சத்திரம் மூன்றரை ஆனது இந்த இடத்தில்தான்.

ஸ்டாண்டு இல்லாமலே வீலின் சொந்த ஆக்ஸிலை இரண்டு நாற்காலிக்கு நடுவில் தாங்கி வைத்துப் பார்க்கலாமே என்று கேட்கலாம். பார்த்தேன். வீல் பேரிங்கின் கிரீஸும் ஆயில் சீலும் சேர்ந்து பிடிக்கும், முப்பது நாற்பது கிராம் வித்தியாசம் இருந்தால் காட்டும், இருபதுக்குக் கீழே வாயைத் திறக்காது. ரொம்ப மோசமான வீலைக் கண்டுபிடிக்க அது போதும், சரி பண்ண போதாது.

வீலில் ஒரு பக்கம் நாற்பது ஐம்பது கிராம் கூடுதல் என்றால் ஒரு எலுமிச்சம்பழம்தானே, அதற்கா இவ்வளவு ஆட்டம் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் முன் ரிம் 19 அங்குலம், மையத்திலிருந்து விளிம்பு 24 செ.மீ. டயர் 90/90, அதோடு சேர்த்தால் ஆரம் 32 செ.மீ. எண்பதில் போகும்போது வீல் நொடிக்கு 11 சுற்று சுற்றும். ரிம்மில் ஒரு பக்கம் 45 கிராம் கூடுதலாக இருந்தால் அந்த வேகத்தில் அது ஐந்து கிலோவுக்கு மேல் விசையாக மாறி, ஒரு சுற்றுக்கு ஒரு தடவை மேலும் கீழும் முன்னும் பின்னும் இழுக்கும். நொடிக்குப் பதினோரு தடவை ஐந்து கிலோ சுத்தியல். நாற்பதில் போனால் வேகம் பாதி, ஆனால் விசை கால்வாசி, ஒன்றேகால் கிலோ சொச்சம்தான். ஊருக்குள் தெரியாதது ஹைவேயில் தெரிவது இதனால்தான்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன், இந்த ஸ்டாண்டை நான் சிபாரிசு பண்ணுவதற்கு உண்மையான காரணமும் இதுதான். அது முதலில் காட்டிக்கொடுத்தது எடையை அல்ல, கோட்டத்தை. தூணில் ஒரு கேபிள் டையைக் கட்டி, அதன் முனையை ரிம்மை லேசாகத் தொடுகிற மாதிரி வெட்டிவிட்டு வீலைச் சுற்றினேன். ஒரு இடத்தில் உரசியது, எதிர்ப்பக்கத்தில் மூன்று மி.மீ.க்கு மேல் இடைவெளி விட்டது. பொதுவாக இரண்டு மி.மீ. வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பார்கள். ரிம் இப்படிக் கோணலாக இருக்கும்போது ஈயத்தை ஒட்டிக்கொண்டிருப்பது, சுவர் சாய்ந்திருக்க வெள்ளையடிக்கிற வேலை. பாய் சொன்ன பெண்டு எடுக்கிறவரிடம் கொண்டுபோனேன், சைக்கிள் கடை ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர், ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் போக்ஸ் ஒவ்வொன்றையும் ஒரு இரும்புக் கம்பியால் தட்டிச் சத்தம் கேட்டார். இறுகியது 'டிங்' என்றது, தளர்ந்தது 'டொக்' என்றது. ஏழு 'டொக்'. இருபது நிமிடத்தில் கோட்டம் ஒரு மி.மீ.க்கு வந்துவிட்டது, 200 ரூபாய்.

இரண்டாவதாகக் காட்டியது டயர் சரியாக உட்காராததை. டயரின் பக்கச்சுவரில் ரிம்முக்கு ஒட்டி ஒரு மெல்லிய கோடு வட்டமாக ஓடும், பார்த்திருப்பீர்கள். அந்தக் கோட்டுக்கும் ரிம்முக்கும் இடையிலான தூரம் சுற்றிலும் ஒரே அளவாக இருக்கணும். எனக்கு ஒரு பக்கம் அந்தக் கோடு பாதி ரிம்முக்குள் மறைந்தே இருந்தது. காற்றை இறக்கி, சோப்புத் தண்ணீர் தடவி, மறுபடி காற்றடித்ததும் 'டப்' என்று ஒரு சத்தம், டயர் வெளியே வந்து உட்கார்ந்தது. இப்படி உட்காராத டயர் உருண்டையாகவே இருக்காது, அதை எந்த ஈயமும் சரிபண்ணாது.

மூன்றாவது, மஞ்சள் புள்ளி. புது டயர் பலவற்றில் பக்கச்சுவரில் ஒரு மஞ்சள் புள்ளி இருக்கும். அந்த டயரில் எடை குறைந்த இடம் அதுதான் என்று அர்த்தம், ரிம்மில் வால்வு இருக்கிற இடம் கனமாக இருக்கும் என்பதால் புள்ளியை வால்வுக்கு நேராக வைத்து மாட்டச் சொல்வார்கள். எந்த டயரும் நூற்றுக்கு நூறு சமமாக வராது, அதனால்தான் புள்ளியே வைக்கிறார்கள். என் டயரில் புள்ளி வால்வுக்கு நேர் எதிரில் இருந்தது. அதாவது டயரின் கனமான பக்கமும் ரிம்மின் கனமான பக்கமும் தோளில் கைபோட்டுக்கொண்டு ஒரே இடத்தில். அந்த நிலையில் சமன் செய்ய 45 கிராம் கேட்டது. டயரை அரைச் சுற்று திருப்பிப் புள்ளியை வால்வுக்கு நேராகக் கொண்டுவந்தேன், 20 கிராமாகக் குறைந்தது. ஒரு பைசா ஈயம் ஒட்டாமலே 25 கிராம் போய்விட்டது. திருப்புவதற்கு முன் டயரின் அம்புக்குறி எந்தப் பக்கம் சுற்றச் சொல்கிறது என்று பார்த்து வையுங்கள், நான் முதல் தடவை தலைகீழாக மாட்டி மறுபடி கழற்றினேன்.

மிச்சமிருந்த 20 கிராமுக்குப் பெட்டியில் வந்த ஈயப்பட்டையை ஒட்டினேன். மூன்று வாரம்கூடத் தாங்கவில்லை, ஒரு மழை, ஒரு வாட்டர் வாஷ், இரண்டு துண்டு காணோம். ஒரு தப்பு பசையினுடையது, இன்னொன்று என்னுடையது. ரிம்மின் பக்கவாட்டில் ஒட்டினால் வீல் சுற்றும் வேகத்தில் துண்டு வெளிப்பக்கம் வழுக்கிக்கொண்டே போகப் பார்க்கும். ரிம்மின் உள்முகத்தில், அதாவது மையத்தைப் பார்க்கிற பக்கம், போக்ஸ்களுக்கு இடையில் ஒட்டினால் அதே விசை துண்டை ரிம்மோடு அழுத்திப் பிடிக்கும். ஒட்டுவதற்கு முன்னால் பெட்ரோலால் துடைக்காதீர்கள், எண்ணெய்ப் படலம் மிஞ்சிவிடும். மெடிக்கலில் கிடைக்கிற ஸ்பிரிட்டால் துடைப்பது நல்லது.

நான் பிறகு பட்டையையே விட்டுவிட்டு பழைய முறைக்குப் போய்விட்டேன்: ரேடியோ பற்றவைக்கிற ஈயக் கம்பி. சமையலறைத் தராசில் 20 கிராம் நிறுத்து, மூன்றாக வெட்டி, வால்வுக்கு எதிர்ப்பக்கம் இருக்கிற மூன்று போக்ஸில் நிப்பிளை (போக்ஸை ரிம்மில் பிடிக்கிற சின்ன நட்டு) ஒட்டி நெருக்கமாகச் சுற்றி, மேலே கறுப்பு டேப் இறுக்கிச் சுற்றினேன். நெருக்கமாக என்றால் கிடாரின் தடித்த தந்தி மாதிரி, இடைவெளியே இல்லாமல். ஐந்து மாதமாக அசையவில்லை. ஈயத்தைத் தொட்ட கையோடு சாப்பிட உட்காராதீர்கள், நன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தராசையும் கழுவி வையுங்கள், வீட்டில் சண்டை வரும்.

வீலை வண்டியிலிருந்து கழற்றி மாட்டுவதைப் பற்றி விளக்கமாக எழுதப்போவதில்லை, சென்டர் ஸ்டாண்டு போட்டு, இன்ஜினுக்கு அடியில் மரக்கட்டை முட்டுக் கொடுத்து, நிதானமாகச் செய்தால் யாரும் செய்யலாம். இரண்டு விஷயம் மட்டும். வீல் வெளியே இருக்கும்போது முன் பிரேக்கைத் தப்பித்தவறிப் பிடித்துவிடாதீர்கள், பேட் இரண்டும் நெருங்கிவிட்டால் டிஸ்க் உள்ளே போகாது, பேடுகளுக்கு நடுவில் ஒரு அட்டைத் துண்டைச் செருகி வைத்துவிடுங்கள். அப்புறம் பழைய கிளாசிக்கில் ஸ்பீடோ கேபிள் வருகிற அந்த வட்டப் பெட்டியின் பல் வீலின் காடியில் உட்கார்ந்திருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்துவிட்டு ஆக்ஸிலை இறுக்குங்கள். நான் ஒரு தடவை அவசரத்தில் மாட்டி, முள் அசையாமல் திருமங்கலம் வரை போய்விட்டு, வேகமே தெரியாததால் நடுக்கம் குறைந்ததா என்றும் தெரியாமல் திரும்பி வந்தேன்.

ரிசல்ட் என்ன? எண்பதில் கண்ணாடியில் ஒரு லாரி ஒரு லாரியாகத் தெரிகிறது. எண்பத்தைந்தில் இன்ஜினின் துடிப்பு மட்டும் வருகிறது, அது புல்லட்டின் குணம், அதை மாற்றும் எண்ணம் எனக்கில்லை. ஹேண்டில்பார் வெயிட்டைக் கழற்றிப் பார்த்தேன், பெரிய வித்தியாசம் இல்லை, கழற்றியே வைத்துவிட்டேன்.

பின் வீலையும் செய்தேன். செயின், டிரம், பிரேக் ராடு என்று கழற்றி மாட்ட ஒன்றரை மணி நேரம், கேட்டது 15 கிராம், போட்ட பிறகு ஓட்டினால் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. பின்னால் அடுத்த டயர் மாற்றும்போது அதோடு சேர்த்துச் செய்துகொள்ளலாம், அதற்காக மட்டும் கழற்றாதீர்கள்.

நண்பன் ஒருவன் தன் பைக்கின் அலாய் வீலை எடுத்து வந்தான், டியூப்லெஸ். "மாப்ள, இதையும் ஒரு கை பாத்துரு" என்றான். அதை ஏற்றினால் வீலுக்குப் பேய் பிடித்த மாதிரி ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு இடத்தில் நின்றது. அரைமணி நேரம் மண்டையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் வாயைத் திறந்தான், பஞ்சர் ஆகாமலிருக்க உள்ளே ஜெல் ஊற்றியிருக்கிறானாம். வீலைத் திருப்பினால் அந்த ஜெல்லும் மெதுவாக வழிந்து கீழே வந்து சேரும், எது டயரின் கனம், எது ஜெல்லின் கனம் என்று எந்த ஸ்டாண்டாலும் சொல்ல முடியாது. ஜெல் ஊற்றியவர்கள் இதை வாங்க வேண்டாம். பைக் வீல் ஒல்லி என்பதால் இப்படி நிற்கவைத்துப் பார்ப்பதே பெரும்பாலும் போதும். கார் வீல் அகலம், ஒரு பக்க விளிம்புக்கும் மறு பக்க விளிம்புக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டியிருப்பதால் சுழற்றி அளக்கிற மெஷின் இல்லாமல் ஆகாது. ஆகவே கார் வைத்திருப்பவர்களும் ஆசைப்பட வேண்டாம்.

வீட்டில் வண்டியை நோண்டுகிறவர்களுக்கு இன்னொன்று. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கம்பெனி கொடுத்த விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று சொல்லிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவும் அதைத்தான் சொல்கிறது, மீறினால் 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இல்லை இரண்டும் சேர்த்து. நானும் ஒரு காலத்தில் தெருவே திரும்பிப் பார்க்கிற சைலன்சர் போட்டுத் திரிந்தவன்தான், இப்போது பழையதையே மாட்டிவிட்டேன். பேலன்சிங் வண்டியை மாற்றுவது கிடையாது, கம்பெனி எப்படி இருக்கணும் என்று நினைத்ததோ அங்கே கொண்டுபோவதுதான். செக்போஸ்ட்டில் போலீஸ்காரர் ஒருவர் மட்டும் போக்ஸில் சுற்றியிருந்த கறுப்பு டேப்பைப் பார்த்து "என்னய்யா இது, போக்ஸ் ஒடஞ்சிருச்சா?" என்று கேட்டார். விளக்கிச் சொன்னேன். அவர் புல்லட்டும் எண்பதில் ஆடுகிறதாம்.

யாருக்கு இது லாபம்? டயரை வீட்டிலேயே கழற்றி மாட்டுகிறவர், இல்லை நாலைந்து பேர் சேர்ந்து ஊர் சுற்றுகிற கூட்டம் ஒன்று சேர்ந்து வாங்குவதென்றால் தாராளமாக வாங்கலாம். மூன்று வருடத்துக்கு ஒரு தடவை டயர் மாற்றுகிறவர், பக்கத்தில் பைக் வீலுக்கு பேலன்ஸ் பண்ணித் தருகிற கடையும் இருக்கிறது என்றால் வேண்டாம், கடைக்கே போய்விடுங்கள். வெல்டிங் பட்டறை தெரிந்தவர் என்றால் இதே மாதிரி ஆயிரம் ரூபாய்க்குள் அடித்துவிடலாம், நாலு 608 பேரிங், நேரான ஒரு அச்சு, இரண்டு தூண், கூம்பு மட்டும் லேத்தில் கடைய வேண்டும். எனக்கு அந்தப் பொறுமை இல்லை.

வாங்குகிறவர்கள் பெட்டி வந்த அன்றே அச்சைக் கண்ணாடி மேசையில் வைத்து உருட்டிப் பாருங்கள். நேராக இருந்தால் வழுக்கிக்கொண்டு போகும், வளைந்திருந்தால் தட்டித் தட்டிப் போகும், அடியில் வெளிச்சம் தெரியும். என்னுடையது தட்டியது. விற்றவர் முதலில், "அதெல்லாம் அப்படித்தான் சார் வரும்" என்றார், வீடியோ எடுத்து அனுப்பிய பிறகு ஒன்பது நாள் கழித்து வேறு அச்சு வந்தது, அது சரியாக இருந்தது. திருப்பி அனுப்பக் கொடுக்கிற அவகாசம் ஏழு நாளோ பத்து நாளோதான், பெட்டியைப் பரண்மேல் போட்டுவிட்டு அடுத்த டயர் மாற்றும்போது பிரித்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள்.